கட்டடம் இல்லாமல் வீட்டுச் சபை தொடங்கலாமா?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம், ஆலயம் தொலைவு, வீட்டிலேயே சபை கூடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கூடலாம். வேதாகமத்தில் வரும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி கூடாரம் செய்து பிழைத்தவர்கள்; அவர்கள் வீட்டில் கூடிய சபைக்கு ரோமர் 16:5-இல் பவுல் வாழ்த்துச் சொல்கிறார்.

ஆனால் நோட்டீஸும் ஒலிபெருக்கியுமாகத் தொடங்காதீர்கள். தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் வீட்டில் எல்லாம் ஒரு காய்ச்சலில் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா இலை பறிக்கப் போயாக வேண்டும். படுத்திருந்த பிள்ளைக்கு என் மனைவி மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் அக்காவே வந்து, “ராத்திரி நீங்கள் படிப்பதை நானும் கேட்கலாமா?” என்றார். அடுப்படியில், ஈரக் கம்பளி காயும் வாசனைக்கு நடுவே, மாற்கு சுவிசேஷத்தில் பத்து வசனம். அவ்வளவுதான். (கஞ்சியைத் தூண்டிலாக்கினால் அது ஊழியமல்ல, வியாபாரம்.)

நீங்களே பேசிக்கொண்டிருக்காமல் வேதாகமத்தை அவர்கள் கையில் கொடுங்கள். அக்கா இப்போது மேல் லைனில் இன்னொரு வீட்டில் வாசிக்கிறார், எழுத்துக்கூட்டித்தான்.