விரால் குஞ்சைப் பட்டினி போட்டுத் தீவனத்துக்குப் பழக்கலாமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தார்ப்பாய் விரித்த குளத்தில் ஒன்றரை அங்குல விரால் குஞ்சு 3,000 விட்டேன். அரைத்த மீன் கொடுத்து வளர்த்தவை என்று விற்றவர் சொன்னார். நான் போடும் மிதவைத் தீவனத்தை அவை தொடுவதே இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார்கள். போடலாமா? எண்ணிக்கை வேறு குறைந்துகொண்டே வருகிறது."

போடாதீர்கள். எண்ணிக்கை குறைவதற்கே பசிதான் பெரும்பாலும் காரணம். செத்து மிதக்கவும் இல்லை, மேலே வலை இருப்பதால் கொக்கும் தூக்கவில்லை, ஆனாலும் குஞ்சு காணவில்லை என்றால், பெரியது சின்னதை விழுங்குகிறது என்று பொருள். தன் நீளத்தில் பாதி இருக்கும் குஞ்சைக்கூட விரால் சிரமமில்லாமல் விழுங்கும். அப்படித் தின்றது இன்னும் வேகமாக வளர்ந்து, அடுத்ததை விழுங்கத் தயாராகிவிடும். பட்டினி போட்டால் இது இன்னும் கூடும்.

விரால் அசையும் இரையைப் பிடித்துத் தின்னும் மீன். முதலில் தண்ணீரில் மிதக்கும் மிகச் சின்ன உயிரினங்கள், அப்புறம் பூச்சி, புழு, சின்ன மீன் என்று போகும். காய்ந்த உருண்டை ஒன்று சும்மா மிதந்தால் அது சாப்பாடு என்று அதற்குத் தெரியாது. அதனால் தெரிந்த சாப்பாட்டுக்குள் தெரியாததைக் கலந்து, வாசனையையும் ருசியையும் முதலில் பழக்க வேண்டும். மிதக்கும் குருணை கடைசியில் வரட்டும்.

முதல் வேலையாக, குஞ்சுகளை ஹாப்பா வலைக்கு, அதாவது குளத்துக்குள்ளேயே பெட்டி போலக் கட்டும் சின்னக்கண் வலைக்கு மாற்றுங்கள். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் உள்ள ஹாப்பாவுக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். விரால் துள்ளி வெளியே விழும். மேலேயும் வலை போட்டு மூடுங்கள். ஆனால் வலை தண்ணீரைத் தொடக் கூடாது, மேலே வந்து காற்றை விழுங்க அதற்கு இடம் வேண்டும். முதல் மூன்று நாள் வெறும் அரைத்த மீன் போதும். தினமும் நான்கைந்து வேளை, அதே நேரத்தில், அதே மூலையில், ஒரு சாண் ஆழத்தில் தொங்கும் தட்டில் வையுங்கள். தட்டைப் பார்த்ததும் கூட்டமாக வரத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒன்பது பங்கு அரைத்த மீனுக்கு ஒரு பங்கு தீவனத் தூள் சேர்த்துப் பிசையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தூளை ஒரு பங்கு கூட்டி, மீனை ஒரு பங்கு குறையுங்கள். மொத்தம் ஒரு மாதம் ஆகும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடிக்கப் பார்ப்பவர்களிடம்தான் குஞ்சு அதிகம் வீணாகிறது. ஒரு கட்டத்தில் தின்பது குறைந்தால், கூட்டாமல் பழைய அளவிலேயே இரண்டு நாள் நிறுத்துங்கள். கலவை கரையாமல் இருக்கக் கொஞ்சம் கப்பைக்கிழங்கு மாவைக் காய்ச்சிச் சேர்க்கலாம். பாதிக்குப் பாதி ஆனதும் இடியாப்ப அச்சில் பிழிந்து, துண்டு துண்டாக உடைத்துப் போடுங்கள். வாய்க்குப் பிடிபடும் வடிவம் அப்போதே பழகும். எட்டுப் பங்கு தூள் ஆன பிறகு, 1 மில்லிமீட்டர் மிதவைக் குருணையை மீன் அரைத்த சாற்றில் சில நிமிடம் ஊறவைத்து, அதே மூலையில் தூவத் தொடங்கலாம்.

மத்தி மலிவாகக் கிடைக்கும்போது அதைத்தான் எல்லோரும் அரைக்கிறார்கள். பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு. வாரக்கணக்கில் கொடுப்பதானால் வேகவைத்து ஆறவைத்து அரையுங்கள், வைட்டமின் கலவையும் சேருங்கள். கோழிக்குடல் வேண்டவே வேண்டாம். இந்த அளவுக் குளத்தில் அது தண்ணீரைக் கெடுத்துவிடும்.

தீவனம் வாங்கும்போது மூட்டையில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். கெண்டைத் தீவனத்தில் 28 சதவிகிதம் போல்தான் இருக்கும். விரால் குஞ்சுக்கு 40-க்கு மேல் வேண்டும். கடைக்காரர் "எல்லா மீனுக்கும் இதுதான்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் செய்தும் தரம் பிரிக்காவிட்டால் பலன் இல்லை. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, காலையில் தீவனம் போடுவதற்கு முன் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று ஹாப்பாவாகப் பிரியுங்கள். தலை மட்டும் பெரிதாகி உடம்பு ஒல்லியான குஞ்சு இருந்தால் அது இன்னும் தின்னவில்லை. அதைத் தனியாக எடுத்து, மீன் அதிகமுள்ள பழைய கலவைக்குத் திருப்புங்கள். சில குஞ்சுகள் கடைசிவரை பழகாது. அவற்றை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு வேளையும் பதினைந்து இருபது நிமிடத்தில் தட்டை எடுத்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். விரால் காற்றைச் சுவாசிக்கும், எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் என்ற பேச்சு குஞ்சுக்குப் பொருந்தாது. மிச்சம் அழுகி வரும் அம்மோனியா முதலில் அதன் பசியைத்தான் கெடுக்கும். போர்வெல் தண்ணீரை நேராகக் குழாயில் விடாமல், உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விடுங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் மிதவைத் தீவனம் முழுவதும் ஒரு கரைக்கு ஒதுங்கிவிடும், குஞ்சு தேடிப் போகாது. ஹாப்பாவிலிருந்து குளத்துக்குத் திறந்துவிட்ட பிறகு, பிவிசி குழாயில் சதுரமாக ஒரு மிதவைச் சட்டம் கட்டி அதற்குள்ளேயே தீவனம் போடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது "தீவனம் பழகிய குஞ்சு" என்று வெறும் வாயால் சொன்னால் போதாது. தொட்டியில் காய்ந்த குருணையைத் தூவச் சொல்லி, கண்ணெதிரே தின்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஒரு மாத வேலையும் விழுங்கப்படும் குஞ்சுகளும் மிச்சமாகும் என்பதால் அந்த விலை கொடுக்கலாம்.