ஐந்து மகன்கள் இருந்தும் வாரிசு இல்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, இங்கிலாந்தின் பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷலுக்கு ஐந்து மகன்கள் இருந்தும் 1245ஆம் ஆண்டோடு அவருடைய வம்சம் அற்றுப்போனதாகப் படித்தேன். எங்கள் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைப் போல அவர்கள் ஏன் தத்து எடுக்கவில்லை? வம்சம் உண்மையிலேயே அங்கே முடிந்துவிட்டதா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: தத்து எடுக்க அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. இடைக்கால ஆங்கிலேயச் சட்டத்தில் நிலம் இரத்த உறவின் வழியாக மட்டுமே இறங்கும். தத்தெடுப்பு அந்நாட்டில் சட்டமானதே 1926இல்தான். இராமநாதபுரம் ஜமீன்தாரின் விதவை, கணவரின் சபிண்டர்களுடைய (நெருங்கிய இரத்த உறவினர்களுடைய) இசைவோடு எடுத்த தத்து செல்லும் என்று 1868இல் தீர்ப்பளித்த பிரிவி கவுன்சில் என்ற உச்ச மேல்முறையீட்டு மன்றம் லண்டனில்தான் இருந்தது. அங்கே அந்தத் தத்தை எதிர்த்து நின்றவர் மதுரை கலெக்டர். தம் நாட்டில் இல்லாத ஓர் உரிமையை நம் சாஸ்திர நூல்களைக் கொண்டு அந்த நீதிபதிகள் நிலைநாட்டியதை நம் வட்டாரத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

வம்சம் முடிந்ததா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். மார்ஷல் என்ற பெயர்தான் நின்றுபோனது. மூன்றாம் ஹென்றி சிறுவனாக அரியணை ஏறியபோது நாட்டைக் காத்த முதியவர் வில்லியம் மார்ஷல் 1219இல் இறந்தார். அதன்பின் வில்லியம், ரிச்சர்டு, கில்பர்ட், வால்டர், ஆன்செல்ம் என்று ஐந்து மகன்களும் வரிசையாக வாரிசுரிமை பெற்று, சட்டபூர்வமான பிள்ளையில்லாமலே மறைந்தனர். ரிச்சர்டு 1234இல் அயர்லாந்தில் பட்ட காயத்தால் இறந்தார். கில்பர்ட் 1241இல் போர்விளையாட்டுப் பந்தயம் ஒன்றில் உயிரிழந்தார். கடைசி இருவரும் 1245ஆம் ஆண்டின் இறுதியில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தனர்.

மகன் இருந்தால் மூத்தவனுக்கே முழு நிலமும் சேரும், மகன் இல்லையேல் மகள்கள் அனைவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வர் என்பது அந்நாட்டு வழக்கம். ஆகவே மாட், இசபெல், சிபில், ஈவா, ஜோன் என்ற ஐந்து சகோதரிகளின் வழிகளுக்கு ஐந்து பங்குகள் பிரிந்தன. அயர்லாந்தின் லென்ஸ்டர் பகுதியில் மட்டும் பார்த்தால், கார்லோ மாட் வழிக்கும், கில்கென்னி இசபெல் வழிக்கும், கில்டேர் சிபில் வழிக்கும், வெக்ஸ்ஃபோர்டு ஜோன் வழிக்கும் போயின. சிபிலுக்கு ஏழு மகள்கள் இருந்ததால், அவருடைய ஐந்தில் ஒரு பங்கு மீண்டும் ஏழாக உடைந்தது. வில்லியமின் மூத்த மகள் மாடின் வழியில், மார்ஷல் என்ற அரசவைப் பதவி நார்ஃபோக்கின் பிகாட் குடும்பத்துக்குச் சென்றது. ஈவாவின் மகள் விக்மோர் ரோஜர் மார்ட்டிமரை மணந்தார். அந்த வழியில் பல தலைமுறைகளுக்குப் பின் பிறந்த ஆன் மார்ட்டிமரின் பேரன்தான் 1461இல் அரியணை ஏறிய நான்காம் எட்வர்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அயர்லாந்து நிலங்களும் பெம்புரோக் மீதான உரிமையும் வில்லியம் மார்ஷலுக்கே 1189இல் மணந்த மனைவி இசபெல் டி கிளேர் மூலமாகத்தான் வந்தன. ஆண் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்தும் வம்சாவளி, சொத்து வந்த வழியையும் மறைக்கிறது, போன வழியையும் மறைக்கிறது. பெண்மக்களின் பெயர் விடுபட்ட வம்சாவளியை நான் பாதி ஆவணமாகவே கருதுகிறேன்.

கேள்வி: இத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய வம்சாவளிகளை எந்த ஆதாரத்தில் நம்புவது?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: இங்கிலாந்தில் அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்ததும், உள்ளூர்க்காரர்களைச் சத்தியம் செய்வித்து, இறந்தவரின் நிலம் எவ்வளவு, அடுத்த வாரிசு யார், அவருக்கு வயது என்ன என்று அரசு அதிகாரி விசாரித்து எழுதி அனுப்பினார். 13ஆம் நூற்றாண்டு முதலான அந்த விசாரணை ஏடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வயது மட்டும் சில இடங்களில் தோராயமாகச் சொல்லப்பட்டிருக்கும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குலச்சின்ன அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று தொகுத்த பட்டியல்களில், குடும்பத்தார் பெருமைக்காகச் சேர்த்த மூதாதையர்களும் உண்டு. இரண்டும் முரண்பட்டால் விசாரணை ஏட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.