ஒற்றைக் கோழிக்கு இறகு கொட்டினால்: கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டில் ஒன்றே ஒன்றாக வளரும் கோழியைப் பற்றியவை. "இறகு கொட்டுகிறது, ஏக்கமா டாக்டர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏக்கத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் எந்த இடத்தில் கொட்டுகிறது என்று பாருங்கள். உச்சந்தலையும் பிடரியும் கோழியின் அலகுக்கு எட்டாத இடங்கள். அங்கே வழுக்கை விழுந்தால் அது தானே பிடுங்கிக்கொண்டதாக இருக்காது.

கே: மகன் தெருவில் வாங்கிய நான்கு சாயக்குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைத்தது. இப்போது ஒன்றரை வயதுப் பெட்டை, மொட்டை மாடியில் தனியாக இருக்கிறது. மூன்று வாரமாக இறகு கொட்டுகிறது. கழுத்தில் ஆரம்பித்தது, இப்போது முதுகு வரை. முட்டையும் நின்றுவிட்டது. துணையில்லாத ஏக்கம் என்கிறார்கள். (மடிப்பாக்கம்)

ப: முதலில் ஒரு ஆச்சரியம். சாயக்குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள் வேண்டாமென்று ஒதுக்கும் சேவல் குஞ்சுகள். உங்களுக்குப் பெட்டை கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

நீங்கள் சொல்வது இறகு உதிர்காலம். ஒன்றரை வயதுவாக்கில் முதல் முறை வரும், பிறகு ஏறக்குறைய வருடா வருடம். தலை, கழுத்து, மார்பு, முதுகு, இறக்கை, வால் என்ற வரிசையில் போகும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். குளிர்நாடுகளில் பகல் குறையும்போது தொடங்கும். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் இங்கே கோழிகள் காலண்டர் பார்ப்பதில்லை.

கோழியை மடியில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் கழுத்தை ஊதிப் பாருங்கள். தோலில் பால்பாயின்ட் பேனாவின் ரீஃபில் முனை போலப் புது இறகுக் குருத்துகள் நிற்கும். அடிப்பாகம் கருநீலமாகத் தெரிந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். தொட்டால் வலிக்கும், உடைந்தால் ரத்தம் கொட்டும். அதனால் இரண்டு மாதம் கொஞ்சலைக் குறையுங்கள்.

தீனியை மாற்றுங்கள். இறகில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் புரதம். சோற்றிலும் நொய்யிலும் அது 7 பங்குதான், முட்டைக் கோழிக்கே 16 பங்காவது வேண்டும். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனம் போதும். இல்லையென்றால் நம் ஊர் வழி இருக்கிறது: பழைய பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈர மண்ணில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் கரையான் இருக்கும். மாடியில் வேண்டாம், கதவு நிலை போய்விடும்!

கே: பின்பக்கம் மட்டும் இறகு மெலிந்து தோல் சிவந்திருக்கிறது. ராத்திரியெல்லாம் அலைக்கழிகிறது. மண்ணெண்ணெய் தடவலாமா? (திண்டுக்கல்)

ப: வேண்டாம். தோல் வெந்துவிடும், உள்ளேயும் இறங்கும்.

எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாக, ரவை ஒட்டியது போலக் கொத்து இருந்தால் பேன் முட்டை. பேன் கோழி மேலேயே குடியிருக்கும். ராத்திரி மட்டும் தொல்லை என்றால் செள்ளாக இருக்கலாம். பகலில் கூண்டின் மர இடுக்கில் ஒளிந்துகொண்டு இருட்டில் வந்து ரத்தம் குடிக்கும் ரகம் உண்டு. இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். செம்புள்ளிகள் ஒட்டினால் சந்தேகமே இல்லை. மருந்து கோழிக்கு மட்டும் போதாது, கூண்டுக்கும் வேண்டும். மருந்துக்குப் பேன், செள்ளின் முட்டை தப்பிவிடும், அதனால் பத்து நாள் கழித்து மறுமுறையும் அடிக்க வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்து போடும் நாட்களில் கோழி முட்டையைச் சாப்பிடலாமா என்றும் கேளுங்கள்.

சிமென்ட் தரையில் வளரும் கோழிக்குப் புரள மண் கிடையாது, பேன் பெருக அதுவே பாதிக் காரணம். பழைய பேசினில் உலர்ந்த மண்ணும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் போட்டு வெயிலில் வையுங்கள்.

கே: நான் வேலைக்குக் கிளம்பினால் கத்துகிறது. திரும்பி வந்தால் காலடியில் இறக்கையை விரித்துப் பதுங்குகிறது. தனிமையில் வாடுகிறதா? கண்ணாடி வைக்கலாமா? (கோயம்புத்தூர்)

ப: அந்தப் பதுங்கல் பாசம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அது சேவலுக்கு இடம் கொடுக்கும் பாவனை. சேவல் இல்லாத வீட்டில் அந்தப் பதவி உங்களுக்கு!

வாடுகிறதா என்றால், ஆமாம். கோழி கூட்டத்துக்குப் பிறந்தது. யார் யாரைக் கொத்தலாம் என்று அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதை நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பெ 1920களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். நாலு கோழி இருந்தால் ஒன்று தலை தூக்கிப் பார்க்கும், மற்றவை நிம்மதியாகக் கிளறும். ஒற்றைக் கோழி எல்லா நேரமும் தானே காவல். வலையோரமாகவே நடப்பது, நிறுத்தாமல் கூப்பிடுவது, கிளறாமல் புரளாமல் ஒரே மூலையில் நிற்பது, இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. கண்ணாடி கொஞ்ச நேரம் அமைதிப்படுத்தும், அவ்வளவுதான். கண்ணாடிக் கோழி இரை கண்டு கூப்பிடாதே.

இன்னொன்று வாங்குங்கள். முடிந்தால் இரண்டாக, உங்கள் கோழியின் உருவத்துக்கு ஒத்ததாக. ஆனால் சந்தையிலிருந்து வந்த அன்றே சேர்த்து விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் வந்தால் உள்ளதும் போய்விடும். தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வாரம் வேறு இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு வாரம் புதிய கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பழையது சுற்றி வந்து பார்க்கட்டும். ஒரு முறை நானே அவசரப்பட்டு நேராக விட்டேன். பத்து நிமிடத்தில் புதிய கோழியின் கொண்டை கிழிந்து சுவரெல்லாம் ரத்தம். ஒன்றை ஒன்று கொத்தி விரட்டுவது சில நாள் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள்.

கே: துணைக்குச் சேவல் வாங்கி விட்டேன். இப்போது பெட்டையின் முதுகு வழுக்கை! (தேனி)

ப: ஏறி ஏறி மிதித்தால் முதுகில் இறகு எப்படி நிற்கும்? ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகள் வேண்டும். ஒரே பெட்டை அத்தனையையும் தாங்குகிறது. முதுகு மூடும் வரை சேவலைத் தனியே அடையுங்கள்.

கே: வாங்கிய நாளிலிருந்தே கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை. என்ன மருந்து? (நாகர்கோவில்)

ப: அது கழுத்தறுத்தான் கோழி. பிறவியே அப்படித்தான், வெயிலையும் நன்றாகத் தாங்கும். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கே: வீட்டில் இருப்பது ஒரே கோழி. கூடையை விட்டு எழுவதில்லை. கிட்டே போனால் சிலிர்த்து உறுமுகிறது. மார்பு இறகைத் தானே பிடுங்குகிறது. (தஞ்சாவூர்)

ப: அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. முட்டைக்கு உடம்புச் சூடு நேரே படத்தான் மார்பை வெறுமையாக்குகிறது. அடையைக் கலைக்க மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம்.

தனிக்கோழி என்கிறீர்கள், அப்படியானால் இதைவிட நல்ல சமயம் கிடையாது. சேவலோடு திரியும் கோழிகளின் முட்டை ஐந்தாறு வாங்கி வையுங்கள், 21 நாளில் பொரியும். ஏற்கெனவே மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டது என்றால் ஒருநாள் குஞ்சுகளையே வாங்கி, நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் நுழையுங்கள். விடியும் முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். மெல்லிய குரலில் கொக்கொக்கென்று கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது. கொத்தினால் உடனே எடுத்து பல்பு வெப்பத்தில் வைத்துவிடுங்கள்.