எந்தக் காப்பியை வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பாக்கெட்டில் ஏகப்பட்ட முத்திரைகள். எதை நம்புவது?

ப: எந்த முத்திரை எதற்குப் பொறுப்பேற்கிறது என்று பாருங்கள். ஃபேர்டிரேட் முத்திரையின் பலம் விலைதான். கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காப்பிக்கான குறைந்தபட்ச விலையை 2023இல் பவுண்டுக்கு, அதாவது சுமார் 453 கிராமுக்கு, 1.80 டாலராக உயர்த்தினார்கள். சந்தை சரிந்தாலும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதற்குக் கீழே கொடுக்க முடியாது. சந்தை ஏறினால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். போக, பவுண்டுக்கு 20 சென்ட் தனியாகச் சங்கத்துக்குப் போகும். ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் தவளை முத்திரை காடு, தண்ணீர், கூலியாட்களின் நிலை என்று பலவற்றைக் கவனிக்கும். ஆனால் அதில் குறைந்தபட்ச விலை கிடையாது. ஆர்கானிக் என்பது சாகுபடி முறையைப் பற்றியது, விவசாயியின் வருமானத்தைப் பற்றியதல்ல. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் விலையைப் பார்ப்பேன். கட்டுப்படியாகாத விலைக்கு விற்பவரிடம் மரத்தை வெட்டாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கே: 'நிழலில் விளைந்தது' என்பது வெறும் விளம்பரமா?

ப: சான்றிதழ் இல்லாவிட்டால் அப்படியும் இருக்கலாம். ஒரே வகை மரத்தை வரிசையாக நட்டுவிட்டுக்கூட நிழல் என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் தரும் 'பேர்ட் ஃபிரெண்ட்லி' முத்திரை கறாரானது: குறைந்தது 40 சதவீத நிழல், பல இன மரங்கள், அதற்கும் முன்பே ஆர்கானிக் சான்றிதழ். அராபிகா எத்தியோப்பியக் காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்த செடி. உதிரும் இலை மண்ணுக்கு உரமாகும், வேர்கள் மண் அரிப்பைத் தடுக்கும், மரத்துக்கு வரும் பறவைகள் காய்த்துளைப்பான் பூச்சியைத் தின்னும். ஆனால் நிழல் கூடினால் விளைச்சல் குறைவது உண்டு. அந்த நஷ்டத்தை வாங்குபவரும் கொஞ்சம் சுமக்க வேண்டும்.

கே: 'நேரடிக் கொள்முதல்' என்று போட்டிருந்தால்?

ப: அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஏற்ற வரையறை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வறுத்து விற்பவரிடமே கேளுங்கள்: பச்சைக் கொட்டைக்கு என்ன கொடுத்தீர்கள்? அது துறைமுக விலையா, தோட்டத்து வாசலில் விவசாயி கையில் கொடுத்ததா? எத்தனை வருடமாக அதே தோட்டத்தில் வாங்குகிறீர்கள்? பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். விவசாயி சிரிக்கும் படத்தை மட்டும் காட்டுபவரை விட்டுவிடுங்கள்.

கே: ஒரு கோப்பைக்கான தூளை அடைத்து வரும் கேப்சூல் பாவமா?

ப: முழுப் பாவம் என்று சொல்ல மாட்டேன், ஒரு கோப்பைக்குக் காப்பித்தூள் குறைவாகவே செலவாகிறது. அலுமினியம் என்றால் திருப்பி வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். 'மக்கும்' என்று போட்டவற்றில் பலவும் அதிகச் சூடுள்ள உரத் தொழிற்கூடத்தில்தான் மக்கும், வீட்டுக் குப்பைக்குழியில் அல்ல.

கே: வீட்டில் என்ன செய்யலாம்?

ப: தேவையான தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்கள், குடிக்கிற அளவுக்கே போடுங்கள். அப்புறம், பால் நிறைய சேர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் கோப்பையின் கார்பன் சுமையில் காப்பியை விடப் பாலின் பங்கே பெரிதாக இருக்கக்கூடும்.