புல்தரையில் களை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வாராவாரம் புல்லை ஒட்ட வெட்டிவிடுகிறேன். ஆனாலும் களை கூடிக்கொண்டே போகிறது. ஏன்?

ஒட்ட வெட்டுவதால்தான். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. குனிந்து புல்லை இரு கையாலும் விலக்கிப் பாருங்கள். மண் பளிச்சென்று தெரிகிறதா? அங்கே கிடக்கும் களை விதைக்கும் அதே வெளிச்சம் கிடைக்கிறது. பொடி விதைக் களைகள் பலவும் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். உயரமாக, அடர்த்தியாக நிற்கும் புல் அந்த வெளிச்சத்தை மறைத்துவிடும்.

இன்னொன்று, இலையைக் குறைத்தால் வேரும் குறையும். வேர் மேலாக நிற்கும் புல் நாலு நாள் வறட்சியைத் தாங்காது. அது சொட்டை விழுந்த இடத்தில் களை குடியேறும். மெல்லிய இலை அருகு வகைகள் 3 செ.மீ. உயரம் வரை வெட்டினாலும் தாங்கும். அகன்ற இலை செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு 7, டால் ஃபெஸ்கியூவுக்கு 8 செ.மீ. வேண்டும். நீங்கள் வளர்ப்பது எந்தப் புல் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. எதுவானாலும் ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பிளேடையும் தீட்டுங்கள். வெட்டிய நுனி நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: வெட்டிய புல்லை அப்படியே விட்டால் களை வருமா?

வராது, விடுங்கள். புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே திரும்பக் கிடைக்கும். களை பூத்து விதை கட்டியிருந்தால் மட்டும் வாரி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லான் முழுக்க க்ளோவர் (மூவிலைக் களை). என்ன மருந்து அடிக்கலாம்?

முதலில் உரத்தைக் கவனியுங்கள். க்ளோவர் தழைச்சத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், புல்லால் முடியாது. அதனால் தழைச்சத்து குறைந்த மண்ணில் க்ளோவர் கை ஓங்கும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனையில் இது கண்கூடு: மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மட்டும் போட்ட பாத்திகளில் க்ளோவர் இனங்கள் பெருகின, தழைச்சத்தும் சேர்த்துப் போட்ட பாத்திகளில் புல் அவற்றை அமுக்கிவிட்டது.

கேள்வி: உரம் போட்டேன். புல் கருகிவிட்டது, களை செழிக்கிறது. என்ன செய்ய?

என்ன உரம், எவ்வளவு, எப்போது? மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? பெரும்பாலும் யூரியாவைக் கை போன போக்கில் வீசியிருப்பீர்கள். 100 சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போதும். இலையில் ஈரம் இல்லாதபோது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். புல் வளரும் பருவத்தில் மட்டும் போடுங்கள். டால் ஃபெஸ்கியூ போன்ற குளிர்காலப் புல்லுக்குக் கொளுத்தும் வெயிலில் போட்டால் அதைத் தின்பது களைதான்.

கேள்வி: கோரையை வெட்டி வெட்டியே ஒழிக்க முடியுமா?

முடியாது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. புல்லை ஒட்ட வெட்டினால் கோரைக்குத்தான் கொண்டாட்டம். தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். புதிதாக முளைப்பதைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

கேள்வி: களைக்கொல்லி அடித்த மறுநாளே புல் வெட்டலாமா?

கூடாது. அடிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் விடுங்கள். இலை இருந்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். அதன்பின் வெட்டும் புல்லைக் காய்கறிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிடாதீர்கள்.