பாட்டுப் பிளேயரில் வைபையும் புளுடூத்தும்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் அப்பா மட்டக்களப்பின் படுவான்கரையில் வேளாண்மை செய்கிறார். இரவில் பரணில் காவலிருக்கும்போது பழைய பாட்டுகளும் கூத்துப் பதிவுகளும் கேட்பது அவருடைய வழக்கம். போனில் கேட்டால் விடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. அவசரத்துக்கு வீட்டுக்கு அழைக்கவும் முடிவதில்லை. ஆகவே தனியாக ஒரு பிளேயர் வாங்கிக் கொடுக்க நினைக்கிறேன். கடையில் மூன்று விதம் காட்டினார்கள்: மெமரி கார்ட் மட்டும் போடுவது, கார்டுடன் புளுடூத்தும் உள்ளது, வைபையும் ஆன்ட்ரொய்டும் உள்ளது. மூன்றாவதன் விலை மற்ற இரண்டையும் விடப் பல மடங்கு. "இனி வருங்காலம் வைபைதான்" என்கிறார் கடைக்காரர். ஐந்து வருடம் கழித்தும் இந்த வசதிகள் வேலை செய்யுமா? (கல்லடி வாசகர்)

பதில்: உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது விதம் போதும். மூன்றாவதற்குக் கொடுக்கும் மேலதிகக் காசு அந்தப் பரணில் ஒரு நாளும் பயன்படப்போவதில்லை. கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால், காரணத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

புளுடூத்தையும் வைபையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். புளுடூத்தில் பாட்டை அனுப்பும் பிளேயரும் அதைப் பெறும் ஹெட்போனும் ஆகிய இரண்டுமே உங்கள் கையில் இருக்கின்றன. நடுவில் வேறு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பாட்டை ஸ்டீரியோவாகப் புளுடூத்தில் அனுப்புவதற்கான விதிமுறை 2003 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது, அதைப் பின்பற்றிச் செய்த பழைய ஹெட்போன் இன்று வாங்கும் போனுடனும் இணைகிறது. பிளேயரில் உள்ள வைபையின் மறுமுனையோ பெரும்பாலும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு கொம்பனி நடத்தும் சேவராக, அதாவது சேவை வழங்கும் கணினியாக இருக்கிறது. அந்தக் கொம்பனி சேவையை நிறுத்திய அன்றைக்கு, பிளேயர் பழுதில்லாமல் கையில் இருக்கும்போதே, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வசதி இல்லாமற்போய்விடும்.

இது வெறும் அச்சமன்று, நடந்திருக்கிறது. 2006 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அமெரிக்காவில் சூன் என்ற பிளேயரை வைபையுடன் விற்பனைக்கு விட்டது. அந்த வைபையால் முதலில் இணையக் கடைக்குக்கூடப் போக முடியவில்லை. ஒரு சூனிலிருந்து பக்கத்தில் உள்ள இன்னொரு சூனுக்குப் பாட்டு அனுப்ப மட்டுமே முடிந்தது. அப்படி வந்த பாட்டையும் மூன்று முறை கேட்டாலோ மூன்று நாள் கடந்தாலோ மறுபடி கேட்க முடியாதபடி பூட்டு விழுந்தது. இணையத்திலிருந்து நேரடியாகப் பாட்டு வாங்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. 2011 இல் பிளேயர் தயாரிப்பு நின்றது, 2015 நவம்பர் 15 அன்று சேவையும் மூடப்பட்டது. கேபிள் வழியாகக் கணினியிலிருந்து ஏற்றி வைத்த பாட்டுகள் மட்டுமே அந்தப் பிளேயர்களில் எஞ்சின. அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வரிசையிலும் இதே பாடம் உண்டு. வைபை எதுவும் இல்லாத ஐபொட் கிளாசிக்கின் விற்பனை 2014 இல் நிறுத்தப்பட்டபோதிலும், பற்றரியை மாற்றி இன்றும் அதில் பாட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2007 இல் வைபையுடன் வந்த ஐபொட் டச், 2022 மே மாதத்தில் அந்த வரிசையே முடிவுக்கு வந்தபோது அதனுடன் சேர்ந்து நின்றது. பழைய டச் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குப் புதிய செயலிகள் பலவும் அதில் ஏறுவதில்லை.

இணையத்திலிருந்து பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஸ்பொட்டிபை என்ற இணையப் பாட்டுச் சேவை 2021 இல் இலங்கைக்கு வந்தது; கட்டணம் செலுத்துவோர் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் 30 நாட்களுக்கு ஒரு முறையாவது அந்தக் கருவி இணையத்துடன் இணைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியவை பாடாது. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் அறுவடை வரை தங்கும் ஒருவருக்கு இது எவ்வளவு இடைஞ்சல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நமது ஊர்களின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளையும் கோயில் சடங்குப் பாடல்களையும் ஆட்கள் வீட்டில் வைத்திருக்கும் பழைய கசெட்டுகளிலிருந்து எம்பி3 ஆக்கித்தான் பெரும்பாலும் கேட்கிறோம். எந்த இணையச் சேவையிலும் தேடிப் பிடிக்க முடியாத இந்தச் செல்வத்துக்கு மெமரி கார்ட்தான் பாதுகாப்பான இடம். ஒரு பிரதியைக் கார்டிலும் இன்னொரு பிரதியை வீட்டுக் கணினியிலும் கட்டாயம் வைத்திருங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: கார்ட் போடும் துளை, இயர்போன் கம்பி செருகும் 3.5 மில்லிமீற்றர் துளை, போனுக்குப் பயன்படும் அதே சார்ஜர் கேபிள் பொருந்துதல், இருட்டில் விரலால் தடவியே பாட்டை மாற்றக்கூடிய உண்மையான பொத்தான்கள். தொடுதிரை, மழையில் நனைந்த விரலுக்குச் சரிவராது. கம்பி இயர்போனில் கேட்டால் புளுடூத்தை அணைத்து வைக்கலாம், சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கும். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் காவலிருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது சிறிய ஸ்பீக்கர் உள்ள மொடலாகப் பாருங்கள்.

கேள்வி: ஒரு பெட்டியில் புளுடூத் 5.0 என்றும் இன்னொன்றில் 5.3 என்றும் போட்டிருக்கிறது. 5.3 இல் பாட்டுத் தெளிவாகக் கேட்குமா? (காத்தான்குடி வாசகர்)

பதில்: அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 2016 டிசம்பரில் வெளியான 5.0 இலிருந்து வந்த முன்னேற்றங்களில் பெரும்பகுதி, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வேறொரு வகைப் புளுடூத்துக்கு உரியது. நாம் வழக்கமாகப் பாட்டுக் கேட்பது பழைய வகையின் வழியே. ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பது கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை. எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி, வழக்கமான உயர்தர அமைப்பில் நொடிக்கு ஏறக்குறைய 328 கிலோபிட் அனுப்பும். சோனியின் எல்டாக் அதிகபட்சம் 990 அனுப்பும். ஒரு சீடியில் உள்ள ஒலி 1411. ஆனால் எல்டாக் பிளேயரிலும் ஹெட்போனிலும் இருந்தால்தான் வேலை செய்யும். ஒன்றில் இல்லாவிட்டால் இரண்டுமே எஸ்பிசிக்கோ, இரண்டுக்கும் பொதுவான வேறொன்றுக்கோ இறங்கிவிடும். 128 கிலோபிட்டில் இறக்கிய எம்பி3 பாட்டுகளே உங்களிடம் இருந்தால், எந்தக் கோடெக்கும் அவற்றில் இல்லாத தெளிவைக் கொண்டுவராது. அந்தக் காசை நல்ல இயர்போனில் போடுங்கள்.

கேள்வி: காக்கா (அண்ணன்) பல வருடங்களுக்கு முன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த ஆன்ட்ரொய்ட் 4.4 பிளேயர் ஒன்று அலுமாரியில் கிடந்தது. சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், திரை எரிகிறது, பாட்டுப் பாடுகிறது. ஆனால் வைபை எடுத்தும் எந்த இணையப் பக்கமும் திறப்பதில்லை, கூகுள் கணக்கிலும் நுழைய முடியவில்லை. திருத்தலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: முதலில் திகதியையும் நேரத்தையும் பாருங்கள். நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த கருவி பழைய வருடம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். திகதி பிழையானால் பாதுகாப்பான இணைய இணைப்பு எதுவும் ஏற்படாது. அதைச் சரிசெய்தாலே சில பக்கங்கள் திறக்கக்கூடும்.

மீதியை உங்களால் திருத்த முடியாது. இணையத்தளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களில் மிகப் பரவலாகப் பயன்பட்ட ஒன்று 2021 செப்டெம்பர் 30 அன்று காலாவதியானது. அதற்குப் பதிலாக வந்ததைப் பழைய ஆன்ட்ரொய்ட் கருவிகள் அறியா. 4.4 பதிப்புக்கான தனது சேவைகளின் புதுப்பித்தலைக் கூகுள் 2023 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. கடைகளில் "சொப்ட்வெயார் அடித்துத் தருகிறோம்" என்று சொன்னாலும், உற்பத்தியாளர் புதிய பதிப்பை வெளியிடாத மொடலுக்கு அவர்கள் மறுபடியும் ஏற்றப்போவது அதே பழைய பதிப்பைத்தான். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எறியவும் வேண்டாம். அதில் காக்காவின் கணக்கு விவரம் ஏதும் இருந்தால் அழித்துவிட்டு, வைபையை அணைத்து, கணினியிலிருந்து கேபிளில் பாட்டுகளை ஏற்றிக் கேளுங்கள். புளுடூத் இருந்தால் அது இன்றைய ஹெட்போனுடனும் இணையும். வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதையும் அதில் பயன்படுத்தக் கூடாது. பின்பக்கம் சிறிதாவது உப்பியிருந்தால் பற்றரி கெட்டுவிட்டது என்று பொருள். உடனே சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: காது கேட்கும் கருவி அணிந்திருக்கும் அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க ஆசை. கருவிக்கு மேல் ஹெட்போன் மாட்டினால் கீச்சிடுகிறது. ஆராகாஸ்ட் என்ற புதிய புளுடூத் வந்தால் நேரே கருவியிலேயே கேட்கலாம் என்கிறார்கள். அதுவரை காத்திருப்பதா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: கம்பியில்லாப் பாட்டின் வருங்காலத்தில் நான் மனதார எதிர்பார்க்கும் ஒன்று இதுதான். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு 2022 நடுப்பகுதியில் விதிமுறைகள் முழுமையாக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புளுடூத் முறை, முன்னர் நான் சொன்ன அந்தக் குறைந்த மின்சார வகையிலேயே பாட்டை அனுப்புகிறது. எல்சி3 என்ற அதன் கோடெக் குறைவான தரவில் நல்ல ஒலியைத் தருவதால், மிகச் சிறிய பற்றரியை நம்பியிருக்கும் காது கேட்கும் கருவிகளுக்கு அது பொருத்தமானது. ஆராகாஸ்ட் அதன் ஒரு பகுதி: ஓர் அனுப்பும் கருவியிலிருந்து பக்கத்தில் உள்ள எத்தனை பேரும் தத்தம் காதில் கேட்கலாம். மண்டபத்திலோ கோயிலிலோ ஒலிபெருக்கியின் இரைச்சலில் சொல் புரியாமல் ஒதுங்கி இருக்கும் முதியவர்களுக்கு இது பெரும் உதவியாகும்.

இதைத் தாங்கும் காது கேட்கும் கருவிகளும் தொலைக்காட்சிகளும் வெளிநாடுகளில் விற்பனைக்கு வந்துவிட்டன. சிறிய பிளேயர்களில் அது வர இன்னும் காலம் எடுக்கும் என்பதே என் கணிப்பு. ஆகவே காத்திருக்க வேண்டாம். அம்மா இப்போது வைத்திருக்கும் கருவியின் மொடலைச் செவிப்புலன் நிபுணரிடம் காட்டி, அதற்கென அந்த நிறுவனமே செய்யும் புளுடூத் இணைப்பி கிடைக்குமா என்று கேளுங்கள். பல மொடல்களுக்கு உண்டு. கீச்சொலி, கருவியின் ஒலி மீண்டும் அதன் மைக்கில் விழுவதால் வருவது. காதை இறுக மூடாத பெரிய ஹெட்போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் குறையலாம், மேசையில் பக்கத்தில் வைக்கும் சிறிய ஸ்பீக்கரும் உதவும். அடுத்த தடவை கருவி மாற்றும்போது எல்இ ஆடியோ என்று எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 5.2 அல்லது 5.3 என்ற எண் மட்டும் அதற்கு உறுதியல்ல.

கேள்வி: "புளுடூத் உள்ளது" என்று சொல்லி விற்ற பிளேயரில் என் புளுடூத் இயர்போன் இணையவே இல்லை. கேட்டால், "போனிலிருந்து பாட்டு வருகிறதே, அதுவும் புளுடூத்தானே" என்கிறார்கள். வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. விற்ற பொருள் மீளப் பெறப்படாது என்று பில்லில் இருக்கிறது. (கல்முனை வாசகர்)

பதில்: உங்கள் பிளேயரில் இருப்பது பாட்டைப் பெறும் புளுடூத் மட்டும், அனுப்பும் புளுடூத் இல்லை. கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம்: பிளேயரின் புளுடூத் மெனுவைத் திறந்தால், அக்கம்பக்கத்துக் கருவிகளின் பெயர்கள் பிளேயரின் திரையிலேயே வரிசையாக வர வேண்டும். அப்படி வராமல், பிளேயரின் பெயர் உங்கள் போனில் மட்டும் தெரிந்தால், அது இயர்போனுக்குப் பாட்டை அனுப்பாது.

நீங்கள் இயர்போனுடன் கேட்பதற்கென்றே வாங்குவதாக முன்கூட்டியே சொல்லியிருந்தால், கடைக்காரர் கொடுத்த விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. பொருளைப் பற்றித் தவறான விவரம் சொல்லி விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. பில்லில் உள்ள அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். முதலில் பெட்டியையும் பில்லையும் கொண்டுபோய், பொருத்தமான மொடலுக்கு மாற்றித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். விலை வித்தியாசத்தைக் கொடுப்பதாகவும் சொல்லலாம், பெரும்பாலான கடைகள் இந்த இடத்திலேயே இணங்கிவிடும். மறுத்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், பில்லின் பிரதி, பெட்டியில் உள்ள எழுத்துகளின் படம், கடையில் என்ன சொல்லி விற்றார்கள் என்ற விவரம் ஆகியவற்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள்.