வட்டார அளவுல இயங்குற ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்கு ஃபண்ட்ரைசிங் ஹெட்டா சேரப்போறேன். சின்ன டீம், ஒரே ஒரு பெரிய கிராண்ட்ல (வெளிய இருந்து வர்ற நிதியுதவி) தான் ஓடுது, அதுவும் அடுத்த வருஷம் முடியுது. முதல்ல எதுல கவனம் வைக்கணும்?

இந்த வேலைய பல வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். சேந்த உடனே புது டோனர் (நன்கொடை குடுக்கறவங்க) தேடி ஓடாதீங்க. முதல் வாரம் அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்க கூடவும் களத்துல இருக்கறவங்க கூடவும் உக்காந்து ஒரே ஒரு கணக்கு போடுங்க. புதுசா எதுவுமே ஆரம்பிக்காம, இப்ப கையில இருக்கற இடத்தையும் ஆளுங்களையும் அப்படியே ஒரு வருஷம் காப்பாத்த எவ்ளோ ஆகும்? காவலுக்கு இருக்கறவங்க சம்பளம், வேலி ரிப்பேர், களைச்செடி எடுக்கற கூலி, வண்டிக்கு டீசல், மிருகங்கள தானா படம் பிடிக்கற கேமரா ட்ராப்புக்கு பேட்டரி, இன்சூரன்ஸ், ஆடிட் ஃபீஸ், வக்கீல் செலவு எல்லாமே அதுல வரணும். நிறைய அமைப்புகள்ல இந்த நம்பர் யாருக்குமே தெரியாது, ஏன்னா ஒவ்வொரு ப்ராஜெக்ட் பட்ஜெட்லயும் கொஞ்சம் கொஞ்சமா ஒளிச்சு வெச்சு ஓட்டிட்டு இருப்பாங்க. உங்க வேலையே அந்த நம்பர வெளிய எடுத்து, அதுக்குத் தான் பணம் வேணும்னு நேரா கேக்கறது.

இத இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. நிலம் வாங்க பணம் திரட்டறது கஷ்டம் தான், ஆனா முடியும், மக்களுக்கு அது புரியும். 1955ல தி நேச்சர் கன்சர்வன்சிங்கற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அமெரிக்காவுல மியானஸ் நதிப் பள்ளத்தாக்குல 60 ஏக்கர் வாங்க 7,500 டாலர் குடுத்தது, இனாமா இல்ல, அந்தப் பணம் திரும்பி வந்து வேற பாதுகாப்பு வேலைக்குப் போகணும்ங்கற கண்டிஷனோட, அப்படி ஆரம்பிச்ச சுழற்சி நிதி தான் பின்னாடி அவங்க நிலம் வாங்கற முறைக்கே அடித்தளம் ஆச்சு. 1987ல ஸ்வீடன்ல ஒரு சின்ன ஸ்கூல் பசங்க கோஸ்டா ரிக்கா மழைக்காட்ட வாங்க காசு சேக்க ஆரம்பிச்சு, அது பல நாட்டுப் பிள்ளைங்களுக்குப் பரவி, இன்னிக்கு மான்டெவெர்டே பக்கத்துல 22,000 ஹெக்டேருக்கு மேல 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு'ன்னு நிக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. ஆனா அந்தக் காட்ட வாங்கினதோட வேலை முடியல, அங்க திருட்டு வேட்டை நடக்காம பாத்துக்க ஆள் தினமும் நடக்கணும், அவங்களுக்கு மாசா மாசம் சம்பளம் போகணும், அதுக்காக இன்னமும் பணம் திரட்டிட்டுத் தான் இருக்காங்க.

அதனால ஒரு இடத்த வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ ப்ரபோசல் எழுதும்போதே பாத்துக்கற செலவையும் சேத்து ஒரே விலையா சொல்லுங்க. நிலத்த வாங்கி பாதுகாக்கற லேண்ட் டிரஸ்டுங்கள்ல நல்லா நடக்கறதுங்க இப்படித் தான் செய்றாங்க, வாங்கும்போதே பராமரிப்புக்குன்னு தனி கார்பஸ், அதாவது முதல தொடாம வருமானத்த மட்டும் எடுக்கற நிதி, ஒதுக்கிடுவாங்க. கணக்கு சுலபம். கார்பஸ்லேருந்து வருஷத்துக்கு 4 சதவீதம் தான் எடுப்போம்னு வெச்சுக்கிட்டா, ஒரு வருஷ செலவோட 25 மடங்கு உள்ள இருக்கணும். கேக்கும்போது பயமா தான் இருக்கும். மொத்தமும் கிடைக்கலனாலும் பரவால்ல, அந்த நம்பர பாத்தப்பறம் போர்டு பேசற விதமே மாறிடும், நிலம் கிடைக்குதேன்னு கண்ண மூடிட்டு கையெழுத்து போட மாட்டாங்க.

"அட்மின் செலவு எவ்ளோ சதவீதம்?"னு கேக்காத டோனர் இல்ல. இதுக்கு கூச்சப்படாம பதில் சொல்லுங்க. 2013ல கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ்னு தொண்டு அமைப்புகள மதிப்பிடற மூணு அமெரிக்க அமைப்புகளே சேந்து, அட்மின் சதவீதத்த மட்டும் வெச்சு ஒரு அமைப்ப எடை போடாதீங்கன்னு டோனர்களுக்கு திறந்த கடிதம் எழுதினாங்க. நான் அத ப்ரிண்ட் எடுத்து மீட்டிங்குக்கு கொண்டு போவேன்.

பெரிய நம்பர் சொல்லி யாரையும் அசைக்க முடியாது. 1990கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க, எண்ணெய்க் குட்டைல விழுந்து சாகற பறவைங்கள காப்பாத்த எவ்ளோ குடுப்பீங்கன்னு கேட்டப்போ, 2,000 பறவைன்னு சொன்ன குரூப் சராசரியா 80 டாலர், 20,000ன்னு சொன்னது 78, 2,00,000ன்னு சொன்னது 88. நூறு மடங்கு பறவை, பணம் கிட்டத்தட்ட அதே தான். அதனால ஒரு சதுப்பு நிலம், ஒரு ஓடை, அதுல ரோந்து போற ஒருத்தரோட ஒரு நாள், இத விவரமா சொல்லுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, அழகான மிருகத்தோட போட்டோ போட்டு அந்த மிருகத்துக்காகன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அப்பறம் அந்தப் பணத்த தவளைக்கும் புல்வெளிக்கும் செலவு பண்ண முடியாது. அது வாழற இடத்துக்காகன்னு கேளுங்க.

மேட்சிங் பத்தி ஒரு தகவல். கார்லன், லிஸ்ட்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு அமைப்போட பழைய டோனர்கள் 50,000 பேருக்கு மேல லெட்டர் அனுப்பி சோதிச்சு 2007ல வெளியிட்டாங்க. நீங்க குடுக்கறதுக்கு சமமா இன்னொருத்தர் குடுப்பார்னு சொன்னா ஒரு லெட்டருக்கு வர்ற வசூல் 19 சதவீதம் கூடுச்சு, ஆனா ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு ஏத்தினதுல அதுக்கு மேல பிரயோஜனம் இல்ல. ஸோ யாராவது பெரிய தொகை மேட்சிங்குக்கு தந்தா, ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வெச்சு பல தடவையா பிரிச்சு யூஸ் பண்ணுங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கற விஷயம், எந்தப் பணத்த வேணாம்னு சொல்றது. உங்க கிட்ட ஒரு கம்பெனி வரும், ஒரே நாள்ல இத்தனை ஆயிரம் மரக்கன்னு நடணும், ஸ்டாஃப் எல்லாரும் வருவாங்க, பேனர் வேணும்பாங்க. உங்க இடம் இயற்கையான புல்வெளியா இருந்தா அங்க மரம் நடறது அந்த இடத்த அழிக்கறது. வெயிலுக்குப் பழகின புல்லு நிழல்ல செத்துடும், தரைல கூடு கட்டற பறவை போயிடும், பல இடத்துல தண்ணியும் குறையும். கையில காசு இல்லாத நேரத்துல இத மறுக்கறது சாதாரண விஷயம் இல்ல, அதனால சேந்த உடனேயே போர்டு கிட்ட எழுத்துல ஒரு பாலிசி வாங்கிடுங்க, என்ன மாதிரி பணம், என்ன கண்டிஷன் ஏத்துக்க மாட்டோம்னு. அப்பறம் அந்தக் கம்பெனிகிட்ட மறுப்பு மட்டும் சொல்லாம, வேற இடத்துல ஏற்கனவே நட்ட கன்னுல மூணு வருஷம் கழிச்சு எத்தனை உயிரோட இருக்குன்னு பாக்க, களை எடுக்க, புல்லு விதை சேகரிக்கன்னு மாத்து வழி குடுங்க. சில பேர் போயிடுவாங்க. தங்கறவங்க பல வருஷம் தங்குவாங்க, நான் பாத்திருக்கேன்.

அதே மாதிரி அந்த நிலத்த சுத்தி வாழற மக்கள வில்லனாவோ பாவமாவோ காட்டி காசு கேக்காதீங்க. போட்டோ எடுத்தா அவங்ககிட்ட கேட்டு எடுங்க, பிரசுரத்த அவங்களுக்கு காட்டுங்க. நாளைக்கு தீ பிடிச்சா முதல்ல ஓடி வர்றது அவங்க தான்.

இருக்கற டோனர தக்கவெக்கறது புதுசா தேடறத விட மலிவு. முதல் தடவ குடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க மறு வருஷம் குடுக்கறதே இல்ல, காரணம் பல நேரம் யாரும் அவங்கள திரும்ப கூப்பிடாதது தான். ரெண்டு நாளைக்குள்ள தேங்க்ஸ் சொல்லுங்க, அடுத்த தடவ பேசும்போது காசு கேக்காம அந்தப் பணத்துல என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. முடிஞ்சவங்கள களத்துக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க நீங்க பேசாதீங்க, ரோந்து போறவர பேச விடுங்க. மழை பொய்ச்ச வருஷத்துலயும் கூட்டிட்டுப் போங்க. அந்த வருஷம் வந்து பாத்தவங்க தான் அப்பறம் உயில்ல எழுதி வெக்கறதப் பத்தி பேசுவாங்க, பிரிட்டன்ல ஆர்எஸ்பிபி மாதிரி பறவைப் பாதுகாப்பு அமைப்புக்கு உயில் மூலமா வர்றது வருமானத்துல பெரிய பங்கு.

கடைசியா அந்த முடியப் போற கிராண்ட். அத குடுக்கறவங்ககிட்ட இப்பவே பேசுங்க, முடியற மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க. மூணு விஷயம் கேளுங்க: ஒரு வருஷத்துக்கு பாதித் தொகையாவது நீட்டிப்பு, அதுல ஒரு பகுதிய எதுக்கு வேணா செலவு பண்ற அனுமதி, அவங்களுக்குத் தெரிஞ்ச வேற ரெண்டு மூணு ஃபண்டர்களுக்கு அறிமுகம். முதல் ரெண்டுக்கு மறுத்தாலும் மூணாவதுக்கு பெரும்பாலும் சரின்னுடுவாங்க, போட்ட பணம் வீணாகக் கூடாதுன்னு அவங்களுக்கும் இருக்குமில்ல.